பழைய அனலாக் டிரம் மெஷின், சிந்தசைசரோட மலிவு க்ளோன்கள்: வாங்கறதுல இருந்து முதல் ட்ராக் ரெக்கார்ட் பண்ற வரைக்கும் முழு வழிகாட்டி

க்ளோன்னா பழைய மெஷினைப் பாத்து இப்போ செய்யற நகல். ரோலண்ட் கம்பெனியோட டிஆர்-808ங்கற டிரம் மெஷின் (தாளம் வாசிக்கற பெட்டி) வந்தது 1980ல, 1983லயே நிறுத்திட்டாங்க, மொத்தமே சுமார் 12,000 பீஸ்தான். டிஆர்-909 இன்னும் கம்மி, சுமார் 10,000. அவங்களோட பேஸ் சிந்தசைசர் டிபி-303ம் அதே அளவுதான். அன்னிக்கு யாருக்கும் பெருசா பிடிக்கல, செகண்ட் ஹேண்ட்ல அடிமாட்டு விலைக்கு போச்சு, கையில காசில்லாத பசங்க அதை வாங்கி ஹிப்-ஹாப், ஹவுஸ், டெக்னோன்னு புதுசா ஒரு இசையையே கட்டி எழுப்பினாங்க. இப்போ ஒரு ஒரிஜினல் 808 வாங்கற காசுக்கு நல்ல க்ளோன் பத்துக்கு மேல வாங்கலாம். அதனாலதான் க்ளோன் பத்தி இவ்வளவு பேச்சு.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். "ஒரிஜினலுக்கு எவ்வளவு பக்கம்"ங்கற கேள்வியில மாசக்கணக்கா மாட்டிக்காதீங்க. அந்தக் காலத்து கபாசிட்டர், ரெசிஸ்டர் எல்லாம் துல்லியமான மதிப்புல வராது, அதனால பக்கத்து பக்கத்துல வெச்சா ரெண்டு ஒரிஜினலே வேற வேற மாதிரி கேக்கும். நீங்க பாக்க வேண்டியது, எந்த சர்க்யூட்ல இருந்து அந்த சத்தம் வருது, அந்த சர்க்யூட் இந்த க்ளோன்ல இருக்கா, உங்க செட்டப்ல அது ஒட்டுமா, இந்த மூணும்தான்.

படி 1: முதல்ல எந்த சத்தம் வேணும்னு முடிவு பண்ணுங்க

மெஷின் பேரை வெச்சு ஆரம்பிக்காம, நீங்க பண்ணப் போற பாட்டுல என்ன வேணும்னு பாருங்க.

நீளமா, வயித்துல அதிர்ற மாதிரி கிக் (பெரிய டிரம் அடி) வேணும்னா 808 வகை. அதுல கிக் எப்படி வருதுன்னு தெரிஞ்சா க்ளோன் பாக்கறது ரொம்ப சுலபம். உள்ள பிரிட்ஜ்டு-டின்னு ஒரு சின்ன ரெசனன்ட் சர்க்யூட் இருக்கு, ஒரு மணியை தட்டினா எப்படி கொஞ்ச நேரம் ரீங்காரம் போட்டு அடங்குமோ அதே மாதிரி ஒரு பல்ஸ் வந்து அதை தட்டும், அது 50 ஹெர்ட்ஸ் சுத்தி ஆடிட்டு மெதுவா அடங்கும். டீகேங்கற நாப்பை (திருகற குமிழை) ஏத்தினா அடங்கற நேரம் நீளும், அவ்வளவுதான். கவ்பெல் (மாட்டு மணி) சத்தம்னு சொல்றது ரெண்டே ரெண்டு ஸ்கொயர் வேவ் (சதுர வடிவ அலை), சுமார் 540 ஹெர்ட்ஸும் 800 ஹெர்ட்ஸும் சேந்தது. ஹை-ஹேட், சிம்பல்னு ஜால்ரா மாதிரி தட்டு சத்தம் எல்லாம் ஆறு ஸ்கொயர் ஆசிலேட்டரை (அலை உண்டாக்கற சர்க்யூட்டை) ஒண்ணா கலந்து ஃபில்டர்ல வடிகட்டி எடுத்தது. ஒரு சாம்பிள் (முன்னாடியே பதிவு பண்ணி வெச்ச சத்தம்) கூட கிடையாது. இன்னொரு விஷயம், 808ல ஸ்பெசிஃபிகேஷன்ல தேறாத டிரான்சிஸ்டர்களை வேணும்னே வாங்கி அந்த "ஸ்ஸ்" சத்தத்துக்கு உபயோகிச்சாங்க, டிரான்சிஸ்டர் தயாரிப்பு தரம் ஏறினதும் அந்த குறை உள்ள பீஸ் கிடைக்காம போச்சு, மெஷின் நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம்னு ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகெஹாஷியே சொல்லியிருக்கார். எனக்கு இந்தக் கதை ரொம்ப பிடிக்கும்.

நெஞ்சுல குத்தற மாதிரி, சட்டுனு அடிச்சு நிக்கற கிக் வேணும்னா 909. 1983ல வந்தது, ரோலண்ட் டிரம் மெஷின்ல மிடி (மெஷின்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற டிஜிட்டல் இணைப்பு) வெச்சு வந்த முதல் மெஷின் இதுதான். ஆனா இது முழு அனலாக் இல்ல, கிக், ஸ்னேர், டாம், க்ளாப் எல்லாம் அனலாக், ஹை-ஹேட்டும் சிம்பலும் 6-பிட் சாம்பிள். அதனால 909 க்ளோன்ல ஹேட் டிஜிட்டலா இருந்தா "ஏமாத்திட்டாங்க"ன்னு நினைக்காதீங்க, அப்படி இருந்தாத்தான் அது சரி.

ரோலண்டோட டிஆர்-606 சின்னது, மெல்லிசா டிக்கு டிக்குனு இருக்கும், ஹை-ஹேட் ரொம்ப அழகு. பழைய எலக்ட்ரோ, போஸ்ட்-பங்க் வாசனை வேணும்னா இதை யோசிங்க.

அப்புறம் 303. தனியா கிடார் வாசிச்சு பழகறவங்களுக்கு பேஸ் வாசிக்கற ஆளுக்கு பதிலா இருக்கட்டும்னு செஞ்ச மெஷின், அந்த வேலைக்கு சுத்தமா உதவல, ஆனா 80களோட நடுவுல சிகாகோ பசங்க நாப்பை திருகிட்டே ஓட விட்டதுல ஆசிட் ஹவுஸ் பொறந்துச்சு.

டிரம் வேண்டாம், மெலடி, பேஸ், லீட் வேணும்னா மோனோ சிந்த் பக்கம் வாங்க. மூணு பேர் முக்கியம். மூக் (Moog) கம்பெனியோட மினிமூக் (1970) மூணு ஆசிலேட்டர், லேடர் ஃபில்டர், தடிச்ச பேஸ். ரோலண்ட் எஸ்எச்-101 (1982) ஒரே ஆசிலேட்டர், கூட கீழ் சுருதியில ஒலிக்கற ஒரு சப்-ஆசிலேட்டர், ஸ்லைடர்ல எல்லாமே கண்ணுக்கு முன்னாடி. கோர்க் எம்எஸ்-20 (1978) கத்தி மாதிரி கிழிக்கற ஃபில்டர், கேபிள் குத்தி விளையாட ஒரு பேட்ச் பேனல். முதல் சிந்த்னா நான் 101 வகைதான் வாங்க சொல்லுவேன், ஏன்னா தப்பான சத்தம் வர்றதே கஷ்டம், எது எதை மாத்துதுன்னு ஒரு சாயங்காலத்துல புரிஞ்சிடும். மினிமூக் வகையில மூணு ஆசிலேட்டரையும் ட்யூன் பண்ணி பேலன்ஸ் பண்ணணும், கேக்க பிரமாதம், கத்துக்க கொஞ்சம் பொறுமை வேணும். மூணுமே மோனோ, அதாவது ஒரு நேரத்துல ஒரு நோட்தான், கார்டு வாசிக்க முடியாது, இதை தெரியாம வாங்கி வருத்தப்பட்டவங்களை நிறைய பாத்திருக்கேன்.

படி 2: "க்ளோன்"னு சொல்றதுல மூணு ரகம் இருக்கு, பிரிச்சு பாருங்க

முதல் ரகம், பழைய சர்க்யூட்டையே இன்னிக்கு கிடைக்கற பார்ட்ஸ்ல திரும்ப கட்டினது. பெரிங்கர் கம்பெனியோட ஆர்டி-8 (808), ஆர்டி-9 (909), ஆர்டி-6 (606), டிடி-3 (303), மாடல் டி (மினிமூக்), எம்எஸ்-1 (101) எல்லாம் இந்த ரகம். இது சாத்தியம் ஆனதுக்கு காரணம் இருக்கு. பழைய பேட்டன்ட் எல்லாம் காலாவதி ஆயிடுச்சு, மூக் கம்பெனியோட லேடர் ஃபில்டர் பேட்டன்ட் 1969லயே வாங்கினது. அதோட அந்தக் காலத்து சிந்த் சிப்களை இப்போ மறுபடியும் தயாரிக்கறாங்க, 101ல இருந்த கர்ட்டிஸ் சிஇஎம்3340 ஆசிலேட்டர் சிப் 2016ல திரும்ப உற்பத்திக்கு வந்துச்சு, அதே வடிவத்துல வேற கம்பெனிகளும் செய்யறாங்க. பேரும் ட்ரேட்மார்க்கும் மட்டும் பழைய கம்பெனிகிட்டயே இருக்கு, அதனாலதான் க்ளோன்ல எல்லாம் எழுத்தை மாத்தி மாத்தி பேர் வெச்சிருக்காங்க.

ரெண்டாவது ரகம், பழைய கம்பெனியே திரும்ப கொண்டு வர்றது. கோர்க் 2013ல எம்எஸ்-20 மினி விட்டாங்க, ஒரிஜினலோட 86 சதவீத சைஸ், அனலாக்தான். ஆனா ரோலண்ட் டிஆர்-08, டிஆர்-09, டிபி-03 இதெல்லாம் டிஜிட்டல், சர்க்யூட்டை கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணி ஓட்டறது. டிஜிட்டல்னா மட்டம்னு அர்த்தம் இல்ல, மிக்ஸ்ல கேட்டா கண்டுபிடிக்கறது கஷ்டம், ட்யூன் அலையாது, மேடையில வாசிக்கறவங்களுக்கு அது பெரிய நிம்மதி. அனலாக்தான் வேணும்னு காசு குடுக்கறீங்கன்னா மட்டும் டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு பாத்து வாங்குங்க.

மூணாவது, அப்படியே நகல் இல்லாம அதே குடும்பத்துல பொறந்த சின்ன மெஷின்கள். கோர்க் வோல்கா சீரிஸ் (2013) இதுல முக்கியம். வோல்கா பீட்ஸ்ல கிக், ஸ்னேர், டாம், ஹேட் அனலாக், க்ளாப் மாதிரி சிலது சாம்பிள். பேட்டரில ஓடும், பையில போட்டுட்டு போலாம். கிக் அருமை, ஸ்னேர் எனக்கு திருப்தி இல்ல.

கிட் (பார்ட்ஸ் பொட்டலம்) வாங்கி நாமே சால்டர் பண்றதும் ஒரு வழி. டிடி-3 வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, 2005 வாக்குல லிமோர் ஃப்ரைட் வெளியிட்ட ஸாக்ஸ்பாக்ஸ் (x0xb0x) கிட்தான் 303க்கு பேர் போன க்ளோன். சால்டரிங் நல்லா வரும்னா தாராளமா பண்ணுங்க, முதல் தடவை சால்டரிங் இரும்பை கையில எடுக்கறவங்களுக்கு 303 கிட் வேண்டாம்.

படி 3: ஒரிஜினல்ல இல்லாதது என்ன சேத்திருக்காங்க, என்ன விட்டிருக்காங்கன்னு பாருங்க

இங்கதான் க்ளோன் உண்மையிலேயே ஜெயிக்குது. 808 ஒரிஜினல்ல கிக்குக்கு ட்யூன் நாப்பே கிடையாது, டோனும் டீகேயும் மட்டும்தான், ஆர்டி-8ல ட்யூனிங் இருக்கு, பாட்டோட சுருதிக்கு கிக்கை இறக்கி ஏத்தலாம். ஒரிஜினல்ல மிடி இல்ல, க்ளோன்ல மிடி, யூஎஸ்பி ரெண்டும் வருது. 606ல க்ளாப் கிடையாது, ஆர்டி-6ல பாஸ் (Boss) கம்பெனியோட டிஆர்-110 (DR-110) டிரம் மெஷின்ல இருந்து எடுத்து சேத்திருக்காங்க. டிடி-3ல டிஸ்டார்ஷன் உள்ளயே இருக்கு. மாடல் டி-ல தனியா எல்எஃப்ஓ (சத்தத்தை மெதுவா அசைக்கற ஆசிலேட்டர்) இருக்கு, ஒரிஜினல் மினிமூக்ல மூணாவது ஆசிலேட்டரை தியாகம் பண்ணாத்தான் அந்த வேலை நடக்கும்.

ஸ்பெக் ஷீட்ல கண்டிப்பா பாக்க வேண்டியது தனித்தனி அவுட்புட். டிரம் மெஷின்ல கிக்குக்கு ஒரு ஜாக், ஸ்னேருக்கு ஒரு ஜாக்னு இருந்தா ரெக்கார்டிங்ல ஒவ்வொண்ணையும் தனியா மிக்ஸ் பண்ணலாம். ஆனா உங்க ஆடியோ இண்டர்ஃபேஸ்ல (சத்தத்தை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு போற பெட்டி) ரெண்டே இன்புட்தான் இருக்குன்னா அதுக்காக கூட காசு குடுக்காதீங்க.

படி 4: 303 க்ளோனை சோதிக்கற விதம்

இதை தனி படியா எழுதறேன், ஏன்னா 303ல ஏமாறறது ரொம்ப சுலபம். ஒரு ஆசிலேட்டர், ஒரு ஃபில்டர், யார் வேணா செய்யலாம்னு தோணும். அதோட உயிர் இருக்கறது ஸ்லைடும் (ஒரு நோட்ல இருந்து அடுத்ததுக்கு சறுக்கறது) ஆக்சென்ட்டும் (ஒரு நோட்டை அழுத்தி அடிக்கறது) நடந்துக்கற விதத்துல.

ஒரு ஸ்டெப்ல (தாளத்தோட ஒரு கட்டம்) ஆக்சென்ட் வெச்சா சத்தம் மட்டும் ஏறல, ஃபில்டர் என்வலப் (ஃபில்டர் திறந்து மூடற நேரம்) குறுகுது, கட்-ஆஃப் (ஃபில்டர் வெட்ட ஆரம்பிக்கற இடம்) கூடவே மேல தள்ளப்படுது, அந்தத் தள்ளல் ஒரு கபாசிட்டர் வழியா போகுது. ஆக்சென்ட் அடுத்தடுத்து வந்தா அந்த கபாசிட்டர் முழுசா காலி ஆகறதுக்குள்ள மறுபடியும் சார்ஜ் ஏறுது, அதனால ரெண்டாவது ஆக்சென்ட் முதலதை விட மேல போகும், மூணாவது இன்னும் மேல. அந்த "வ்வாவ்"னு ஏறிட்டே போறது இப்படித்தான் வருது. ரெசனன்ஸ் (கட்-ஆஃப் பக்கத்து சத்தத்தை தூக்கிக் காட்டறது) நாப்பை ஏத்த ஏத்த இது இன்னும் வழவழன்னு ஆகும், ரெண்டும் சர்க்யூட்ல கோத்துக்கிட்டிருக்கு.

அதனால டெமோ வீடியோ பாத்தாலும் சரி, கடையில தொட்டுப் பாத்தாலும் சரி, இதை பண்ணுங்க. ஒரே நோட்டை 16 ஸ்டெப்லயும் போடுங்க, வரிசையா நாலு ஸ்டெப்ல ஆக்சென்ட் வைங்க, ரெசனன்ஸை முக்காலுக்கு மேல ஏத்துங்க, ஆக்சென்ட் நாப்பை முழுசா. நாலும் ஒரே மாதிரி கத்தினா அந்த க்ளோன்ல சர்க்யூட்டை சுருக்கிட்டாங்கன்னு அர்த்தம். படிப்படியா ஏறிச்சுன்னா நம்பி வாங்கலாம். அடுத்து ஸ்லைட். தூரத்து நோட்டுக்கும் பக்கத்து நோட்டுக்கும் சறுக்கற நேரம் ஒண்ணாவே இருக்கணும், ஸ்லைட் வர்ற நோட்ல என்வலப் புதுசா அடிக்கக் கூடாது, வழுக்கிட்டு போகணும்.

படி 5: செகண்ட் ஹேண்ட் வாங்கறதா இருந்தா

க்ளோனை ஆசையில வாங்கிட்டு மூணு மாசத்துல விக்கறவங்க நிறைய பேர், அதனால நல்ல பீஸ் கிடைக்கும். ஒவ்வொரு ஸ்டெப் பட்டனையும் பத்து தடவை அமுக்குங்க, ஒரு அமுக்குக்கு ரெண்டு தடவை விழுந்தா ஸ்விட்ச் தேஞ்சிருக்கு. ஒவ்வொரு நாப்பையும் சத்தம் வர்றப்போ மெதுவா திருப்புங்க, கரகரன்னா உள்ள தூசு, அதை க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு சரி பண்ணலாம், ஆனா நடுவுல சத்தமே செத்துப் போனா விட்டுடுங்க. பேட்டரி போடற மாடல்னா மூடியைத் திறந்து பச்சைப் பொடி, வெள்ளைப் பொடி படிஞ்சிருக்கான்னு கண்டிப்பா பாருங்க.

படி 6: கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி

அடாப்டர்! வோல்ட் மட்டும் பாத்தா போதாது, துருவம் பாக்கணும். மெஷின் பின்னாடி ஒரு சின்ன படம் இருக்கும், நடுப்புள்ளி ப்ளஸ்ஸா மைனஸான்னு. கோர்க் வோல்காவுக்கு 9 வோல்ட், நடுவுல ப்ளஸ். கிடார் பெடல் அடாப்டர் பெரும்பாலும் அதே 9 வோல்ட், ஆனா நடுவுல மைனஸ். ப்ளக் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கற மாதிரி தெரியும். நான் ஒரு தடவை அவசரத்துல மாத்தி குத்தி ஒரு மெஷினை இழந்திருக்கேன், அன்னில இருந்து ஒவ்வொரு அடாப்டர்லயும் டேப் ஒட்டி மெஷின் பேர் எழுதி வெக்கறேன், நீங்களும் வாங்கின அன்னிக்கே எழுதிடுங்க.

அடுத்து சத்தம் எடுக்கற கேபிள். வோல்கா மாதிரி மெஷின்ல அவுட்புட் ஹெட்ஃபோன் ஜாக் மட்டும்தான், அதுல பெரும்பாலும் இடது வலது ரெண்டுலயும் ஒரே சிக்னல் வரும். அதை ஒரு ஸ்டீரியோ கேபிள் போட்டு இண்டர்ஃபேஸோட பேலன்ஸ்டு இன்புட்ல (ரெண்டு சிக்னலோட வித்தியாசத்தை மட்டும் எடுக்கறது) நேரா குத்தினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு சத்தம் காணாம போயிடும், மெஷின் கெட்டுப் போச்சுன்னு பதறாதீங்க. ஒய் கேபிள் போட்டு இடது வலதை பிரிச்சு, ஒண்ணை மட்டும் மோனோ ஜாக்ல குடுங்க.

யூஎஸ்பி கேபிள் குத்தினதும் "ஙீ"ன்னு மெல்லிசா ஒரு இரைச்சல் வந்தா அது கிரவுண்ட் லூப். கம்ப்யூட்டர் கிரவுண்டும் ஆடியோ கிரவுண்டும் ரெண்டு வழியில சேந்துக்கிட்டதால வர்றது. யூஎஸ்பியை கழட்டிட்டு 5-பின் மிடி கேபிள்ல இணைச்சா பெரும்பாலும் உடனே போயிடும், ஏன்னா மிடி இன்புட்ல ஆப்டோ-ஐசொலேட்டர் இருக்கு, மின்சாரத் தொடர்பு இல்லாம வெளிச்சம் வழியா சிக்னல் தாண்டுது.

படி 7: எல்லா மெஷினும் ஒரே தாளத்துல ஓட வைக்கறது

இதுலதான் புதுசா வர்றவங்க ரொம்ப நேரம் தொலைப்பாங்க. யார் மாஸ்டர்னு முதல்ல முடிவு பண்ணுங்க, என்னைக் கேட்டா டிரம் மெஷின், ஏன்னா ஸ்டார்ட், ஸ்டாப் கை பழகறது அதுலதான்.

மிடி கிளாக்னா (மிடி வழியா போற தாளக் குறி) ஒரு க்வார்ட்டர் நோட்டுக்கு (ஒரு பீட்டுக்கு) 24 பல்ஸ், எல்லா கம்பெனிக்கும் ஒண்ணுதான், பிரச்சனை கம்மி. 3.5 மி.மீ. ஜாக்ல மிடி வர்ற மெஷின்னா மட்டும் டைப் ஏ, டைப் பி-ன்னு ரெண்டு வயரிங் இருக்கு. 2018ல டைப் ஏவை ஸ்டாண்டர்டா வெச்சாங்க, அதுக்கு முன்னாடி வந்த சில மெஷின் டைப் பி. அடாப்டர் வாங்கறப்போ இதைப் பாருங்க.

அனலாக் பல்ஸ்ல இணைச்சா எண்ணிக்கை பொருந்தணும். வோல்கா ஒரு க்வார்ட்டர் நோட்டுக்கு 2 பல்ஸ் எதிர்பாக்கும். உங்க டிரம் மெஷின் ஸ்டெப்புக்கு ஒண்ணுன்னு 4 அனுப்பினா வோல்கா ரெண்டு மடங்கு வேகத்துல பறக்கும். பழுது இல்ல, டிரம் மெஷின்ல கிளாக் செட்டிங்கை மாத்தினா சரியாயிடும்.

டின் சிங்க்னு ஒண்ணு பழைய ரோலண்ட்ல இருக்கும், பாக்க மிடி சாக்கெட் மாதிரியே 5 பின், ஆனா உள்ள போற சிக்னல் வேற. மிடியை அதுல குத்தினா ஒண்ணும் நடக்காது.

சிந்த்துக்கு சிவி (எந்த நோட்டுன்னு சொல்ற வோல்டேஜ்), கேட் (எப்போ அடிக்கணும்னு சொல்ற சிக்னல்) குடுக்கறதா இருந்தா, ரோலண்ட், மூக் குடும்பம் ஆக்டேவுக்கு 1 வோல்ட், எம்எஸ்-20 ஹெர்ட்ஸ்-பெர்-வோல்ட், ரெண்டையும் நேரா இணைச்சா நோட் எல்லாம் தாறுமாறா வரும். மிடி இருக்கறப்போ மிடியிலயே ஓட்டுங்க, நிம்மதி.

படி 8: ட்யூனிங்

அனலாக் ஆசிலேட்டர் சூடு ஏற ஏற சுருதி நகரும். ஆன் பண்ணி ஒரு 20 நிமிஷம் விட்டுட்டு அப்புறம் ட்யூனர் வெச்சு பாருங்க. கீழ் ஆக்டேவும் சரி, மேல் ஆக்டேவும் சரின்னா ட்யூன் நாப்போட முடிஞ்சுது. கீழ சரியா இருந்து மேல போகப் போக தள்ளித் தள்ளி போனா அது ஸ்கேலிங், உள்ள ட்ரிம்-பாட்ல (ஸ்க்ரூடிரைவர்ல திருப்பற குட்டி நாப்) சரி பண்ற விஷயம், வாரன்டி இருக்கறப்போ மெஷினைத் திறக்காம மாத்திக் கேளுங்க.

படி 9: முதல் பேட்டர்ன்

டெம்போ 122 வைங்க. கிக் 1, 5, 9, 13ம் ஸ்டெப்ல. க்ளாப் 5, 13. திறந்த ஹை-ஹேட் 3, 7, 11, 15. மூடின ஹேட் 16 ஸ்டெப்லயும் போட்டுட்டு ஆக்சென்ட் மட்டும் ரெண்டு மூணு இடத்துல. இது எல்லாருக்கும் தெரிஞ்ச ஹவுஸ் தாளம்தான், ஆனா இதை ஓட விட்டு ஒரு மணி நேரம் நாப்பை மட்டும் தொடுங்க, ஸ்டெப்பை தொடாதீங்க. 909 வகை கிக்ல ட்யூன் நாப் சுருதியை அப்படியே மாத்தறதில்ல, அடிச்சதும் சுருதி மேல இருந்து கீழ விழற நேரத்தை மாத்துது, இது காதுல புரிஞ்ச அன்னிக்கு உங்க கிக் மொத்தமும் மாறிடும்.

303 க்ளோன்ல ஒரிஜினல் முறைப்படி நோட்டை தனியாவும் தாளத்தை தனியாவும் போடணும், முதல்ல பிட்ச் மோட்ல நோட்டு வரிசை, அப்புறம் டைம் மோட்ல எது அடிக்கணும், எது நீளணும், எது மௌனம். குழப்பமா இருக்கும், நினைச்ச மெலடி வராது, வேற ஒண்ணு வரும். அதை அழிக்காதீங்க. மூணே மூணு நோட்டு, ரெண்டு ஸ்லைட், மூணு ஆக்சென்ட் போதும், கட்-ஆஃபை பாதிக்கு கீழ வெச்சு மெதுவா திறங்க.

மினிமூக் வகை இருந்தா ஒரு பழைய வித்தை, ஹெட்ஃபோன் அவுட்டை திரும்ப எக்ஸ்டர்னல் இன்புட்ல குத்தி லெவலை கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. சத்தம் தடிச்சு உறும ஆரம்பிக்கும். ஸ்பீக்கர் வால்யூமை முதல்ல குறைச்சுக்கோங்க.

படி 10: ரெக்கார்ட் பண்றது

808 கிக்கை லேப்டாப் ஸ்பீக்கர்ல மிக்ஸ் பண்ணாதீங்க, 50 ஹெர்ட்ஸ் அதுல வரவே வராது, நீங்க ஏத்திட்டே போவீங்க, பெரிய ஸ்பீக்கர்ல போட்டா ரூமே ஆடும். ஹெட்ஃபோனாவது போடுங்க. கிக் நீளமும் பேஸ் லைனும் மோதினா ஈக்யூக்கு (கீழ், மேல் சுருதி அளவை சரி பண்றது) போறதுக்கு முன்னாடி டீகேயை குறைச்சு பாருங்க, முக்கால்வாசி அங்கயே தீந்துடும். தனி அவுட்புட் இல்லாத மெஷின்னா அதே பேட்டர்னை நாலு தடவை ஓட விட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே சத்தத்தை மட்டும் வெச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, கிளாக் கம்ப்யூட்டர்ல இருந்து வந்தா நாலும் ஏறக்குறைய பொருந்திடும், மிச்சம் இருக்கற சின்ன விலகலை கையால நகத்துங்க. இன்புட் லெவலை உச்சத்துக்கு கிட்ட வெக்காதீங்க, ஆக்சென்ட் வர்ற ஸ்டெப்ல எகிறும்.

இந்த மெஷின்கள் பலதுல பேட்டர்ன் மெமரி இருக்கும், ஆனா நாப் பொசிஷன் பெரும்பாலும் சேவ் ஆகாது. அதனால ஒரு டேக் நல்லா வந்ததும் எழுந்து போறதுக்கு முன்னாடி ஃபோனை எடுத்து பேனலை மேல இருந்து நேரா ஒரு ஃபோட்டோ எடுங்க, கேபிள் எது எதுல குத்தியிருக்குன்னு பின்பக்கம் ஒண்ணு, அந்த ரெண்டு ஃபோட்டோவையும் பாட்டோட ப்ராஜெக்ட் ஃபோல்டர்லயே போட்டு வைங்க.